மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்று அக்காவிடம் கேட்டீர்களா?

கேள்வி: என் அக்காவுக்கு 56 வயதாகிறது. அம்மா இறந்த பிறகு என்னை வளர்த்தவர் அவர்தான். வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்தில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். நடவு, களையெடுப்பு வேலைகளுக்குப் போகிறார். அத்தான் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அக்காவுக்கு ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. காலையில் கிளிமிப்பிரைடு, இரு வேளை மெட்ஃபார்மின் கொடுத்திருக்கிறார்கள், ஒழுங்காகப் போடுவதில்லை. போன குறுவை நடவில் ஒரு நாள் தலை சுற்றி, வியர்த்துக் கொட்டி, வரப்பில் உட்கார்ந்துவிட்டாராம். அதிலிருந்து காலை மாத்திரைக்கு ஏதாவது சாக்குச் சொல்கிறார். சர்க்கரை குணமாகக் கோவில்வெண்ணிக் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு போய்வந்த பிறகு சில வாரம் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டார். சென்ற மாதம் பார்த்ததில் வெறும் வயிற்றில் 132, மூன்று மாதச் சர்க்கரை 9.8. மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டியதோடு, இனி இன்சுலின் போட வேண்டிவரும் என்றும் சொல்லிவிட்டார். அக்கா முடியவே முடியாது என்கிறார். கோபத்தில், "காலை எடுத்தால்தான் உனக்குப் புத்தி வரும்" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. இன்சுலினுக்கு அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது? சாப்பாட்டை எப்படிக் கட்டுக்குள் கொண்டுவருவது? கும்பகோணத்தில் என் வீட்டுக்கே அழைத்து வந்து வைத்துக்கொண்டால் சரியாகிவிடுமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கும்பகோணம்

பதில்:

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதுகிறேன். அதற்கு முன், நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. குறுவை நடவின்போது உங்கள் அக்காவுக்குத் தலை சுற்றியது, வியர்த்துக் கொட்டியது, அதன் பிறகு காலை மாத்திரையைத் தவிர்க்கிறார் என்கிறீர்கள். அவருடைய அலட்சியத்துக்குச் சான்றாக இதை எழுதியிருக்கிறீர்கள். ஒரு மருத்துவராகப் படிக்கும்போது எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது: அன்று அவருக்குச் சர்க்கரை மிகவும் இறங்கியிருக்கக்கூடும், மாத்திரையைத் தவிர்ப்பதற்கு அந்த அனுபவமே காரணமாக இருக்கலாம்.

கிளிமிப்பிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரை. வயிற்றில் சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். அதனால்தான் அதைக் காலை உணவை ஒட்டிப் போடச் சொல்கிறோம். ஆனால் நடவு நாட்களில் வேலைக்குப் போகும் பெண்களின் காலை எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. விடியுமுன் எழுந்து வாசல் தெளித்து, சோறு வடித்து, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்துவிட்டு, ஒரு வாய் டீயோடு வண்டி ஏறினால், தூக்குவாளியைத் திறக்கப் பத்து மணி ஆகிவிடும். அந்த டீயோடு மாத்திரையையும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் சேற்றில் குனிந்து நாற்று நட்டால், உழைக்கும் தசைகள் ஒரு பக்கம் இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ள, மாத்திரை மறுபக்கம் அதை இறக்க, அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே போய்விடுவது எளிது. கை நடுக்கம், படபடப்பு, குளிர்ந்த வியர்வை, கண் இருட்டுதல், பேச்சுத் தடுமாற்றம் எல்லாம் அதன் அடையாளங்கள். வெயிலும் இரத்தசோகையும்கூட இப்படிச் செய்யலாம். அன்று யாரும் சர்க்கரையைச் சோதித்துப் பார்க்காததால் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கூலிக்குப் போன இடத்தில், பலர் பார்க்க, ஒருமுறை இப்படி விழப்போனவர் மறுநாள் அந்த மாத்திரையைக் கையிலெடுக்கத் தயங்கினால், அதைப் பிடிவாதம் என்று என்னால் சொல்ல முடியாது. தனக்குத் தெரிந்த வழியில் அவர் தன்னைக் காத்துக்கொண்டிருக்கிறார். யாரும் கேட்காததால் அவரும் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டதன் விளைவைப் பாருங்கள். மூன்று மாதச் சர்க்கரை (HbA1c) 9.8 என்றால், சராசரியாக அவருடைய இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 235 இருந்திருக்கிறது என்று பொருள். வெறும் வயிற்று அளவோ 132 தான். இவ்வளவு வேறுபாட்டைப் பார்க்கும்போது எங்களுக்கு வழக்கமாக எழும் ஐயம், சோதனைக்குப் போவதற்கு முந்தைய சில நாட்கள் மட்டும் மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, இரவுச் சோற்றையும் குறைத்துக்கொண்டு வந்திருப்பாரோ என்பது. திட்டு வாங்காமல் தப்பிக்கப் பலரும் செய்வதுதான் இது. இரத்தச் சிவப்பணுக்களில் படிந்திருக்கும் சர்க்கரையை அளக்கும் சோதனை அதற்கு ஏமாறாது. மாத்திரை போடப்படவில்லை என்பது மருத்துவருக்குத் தெரியாது. எனவே போட்டும் போதவில்லை என்று முடிவு செய்து அளவைக் கூட்டிவிட்டார். இப்போது நீங்கள் அன்பினாலோ கோபத்தினாலோ பக்கத்தில் உட்கார்ந்து, கூட்டிய அளவு முழுவதையும் நாளை முதல் தவறாமல் விழுங்க வைத்தால், அதுவும் ஒரு நடவுக் காலத்தில் செய்தால், சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு எழுந்த முதல் அச்சம் இதுதான். ஆகவே மருத்துவரிடம் உண்மை நிலையைச் சொல்லும் வரை கிளிமிப்பிரைடை வற்புறுத்திக் கொடுக்காதீர்கள். அதற்காக வாரக்கணக்கில் தள்ளிப்போடாமல் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். மெட்ஃபார்மின் தனியாகப் போட்டால் சர்க்கரையை இப்படித் தாழ்த்துவது அரிது. அதைச் சாப்பாட்டோடு தொடரலாம்.

மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் அக்கா உங்களோடு பேச வேண்டும். கால் போகும் என்று நீங்கள் சொன்னதை அவர் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். வளர்த்த பிள்ளையின் வாயிலிருந்து வந்த சாபமாகவே கேட்டிருப்பார். நேரில் போங்கள். தொலைபேசியில் வேண்டாம், மருமகள் மூலமாகவும் வேண்டாம். சொன்னது தவறு என்று சொல்லுங்கள். அதோடு "உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்று சேர்க்காதீர்கள், அது மன்னிப்பைப் பாதியாக்கிவிடும். அன்றைக்கே மாத்திரைப் பேச்சையும் எடுக்க வேண்டியதில்லை. பேச்சு இயல்பானதும், "அக்கா, அன்னிக்கு நடவுல தலை சுத்துச்சுன்னியே, அன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டே? அப்புறம் எப்பவாவது அந்த மாதிரி வந்துச்சா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அவர் முடிக்கும் வரை இருங்கள். இடையில் அறிவுரை சொல்லாமல் இருப்பது உங்களுக்குக் கடினமாக இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதம் முழுவதும் பதற்றம் தெரிகிறது. ஆனால் வீட்டில் திட்டு விழும் என்று தெரிந்தவர்கள் சர்க்கரையைக் குறைத்துக்கொள்வதில்லை, மறைக்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். மறைக்கப்பட்ட நோய்க்குச் சரியான மருந்து எழுத எந்த மருத்துவராலும் முடியாது.

மருத்துவரிடம் போகும்போது அக்காவே பேசட்டும். "இந்த மாத்திரையை நான் போடறதில்ல, போட்டா வயல்ல மயக்கம் வருது" என்ற ஒரு வாக்கியத்தை அவர் சொல்லிவிட்டால் சிகிச்சையின் திசையே மாறும். அந்த மாத்திரையின் அளவைக் குறைக்கலாம். முதல் சாப்பாடு பத்து மணிக்கு என்றால் மாத்திரையையும் அந்த நேரத்துக்குத் தள்ளலாம். அல்லது சிட்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின் போன்ற, சர்க்கரையை அதிகம் தாழ்த்திவிடாத மருந்துக்கு மாற்றலாம். இவை இப்போது பலருக்கும் கட்டுப்படியாகும் விலைக்கு வந்துவிட்டன. சிறுநீரின் வழியே சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் போன்றவை இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்பவை. ஆனால் சிறுநீர் அதிகம் போகும், பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றும் வரலாம். ஒதுங்க இடமில்லாத வயலில் நாள் முழுவதும் நிற்கும் பெண்கள், சிறுநீருக்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கு அந்த மருந்தைத் தருமுன் இதையும் பேச வேண்டும். இவற்றில் எது பொருத்தம் என்பதை அவருடைய சிறுநீரகச் சோதனையைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதே நாளில் ஹீமோகுளோபின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச் சத்துக் குறைவு மூன்று மாதச் சர்க்கரையைச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். ஒன்பது ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுப்பதால் வைட்டமின் பி12 அளவையும் பார்ப்பது நல்லது; அது குறைந்தாலும் கால் மரத்துப்போகும்.

மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்ல வேண்டிய இன்னொன்று இருக்கிறது. நம் பகுதியில் வயல் வேலை செய்பவரின் உடல் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி உழைப்பதில்லை. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்து, கல்லணை வழியாகத் தண்ணீர் வந்து, குறுவை நடவு தொடங்கிவிட்டால் வாரக்கணக்கில் இடுப்பொடியும் வேலை. அதன் பிறகு சம்பா, தாளடி நடவு. தை, மாசியில் அறுவடை முடிந்ததும் பயிர் வேலை ஓய்ந்து, கோடையில் நூறு நாள் வேலை கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் வீடு. வேலை நின்ற பிறகும் சோற்றின் அளவு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். ஆக, கோடையில் ஏறிய சர்க்கரையைப் பார்த்து எழுதிய மாத்திரை அளவு, ஆனி, ஆடி நடவில் அதிகமாகிப்போகலாம். நடவுக் காலத்தில் சரியாக இருந்த அளவு பங்குனியில் போதாமல் போகலாம். வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் ஒருமுறை மருத்துவரைப் பார்த்து அளவைச் சரிசெய்துகொள்வது, டெல்டாவில் வயலில் இறங்கும் ஒவ்வொரு சர்க்கரை நோயாளிக்கும் தேவை என்பது என் உறுதியான கருத்து.

வேலைக்குப் போகும் நாளில் அவருடைய சுருக்குப்பையில் ஒரு சிறு குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். மூன்று தேக்கரண்டிச் சீனியை மடித்துக் கொடுத்தாலும் போதும். தலை சுற்றினால் உடனே அதை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, நிழலில் கால்மணி நேரம் உட்கார வேண்டும். சரியாகவில்லையென்றால் மறுபடி அதே அளவு; சரியானதும் சோறு. பிஸ்கட் உடனடியாக வேலை செய்யாது. கூட வேலை செய்யும் ஒருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும். சர்க்கரை நோய் என்று தெரிந்தால் நடவுக்கு ஆள் சேர்ப்பவர் கூப்பிடமாட்டார் என்ற பயத்தில் பலர் இதை மறைப்பதுண்டு. அக்காவுக்கும் அந்தப் பயம் இருக்கிறதா என்று மெல்லக் கேளுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108ஐ அழைக்க வேண்டும்.

இன்சுலின் பற்றிய உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். மேலே சொன்னவற்றைச் சரிசெய்து மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், இன்சுலின் இப்போதைக்குத் தேவைப்படாமலும் போகலாம். தேவைப்பட்டால் அது அவருடைய குற்றமும் அல்ல. கணையத்தின் சுரக்கும் திறன் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போவது இந்த நோயின் இயல்பு. பிரிட்டனில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1998இல் முடிவுகளை வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. "ஊசி போட்டுக்கிட்டா அவ்வளவுதான்" என்று நம் ஊர்களில் ஏன் சொல்கிறார்கள் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். ஊரில் முன்பு இன்சுலின் போட்டவர்கள் பெரும்பாலும் சிறுநீரகம் கெட்டு, கால் அழுகிய பிறகே அதற்கு வந்தவர்கள். ஊசி போட்டார், சில மாதங்களில் இறந்துவிட்டார் என்பதைத்தான் அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள். பத்து ஆண்டு தாமதத்தின் பழி ஊசியின் மேல் விழுந்துவிட்டது. இதை வாதமாகச் சொல்லாதீர்கள். அவருடைய வயதில், இன்சுலின் போட்டுக்கொண்டு வேலைக்கும் போய்வரும் ஒரு பெண் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கட்டாயம் இருப்பார். கிராமச் செவிலியரைக் கேட்டால் சொல்வார். அந்தப் பெண் சம்மதித்தால், அக்கா அவரோடு அரைமணி நேரம் பேசட்டும். என் ஆலோசனை அறையில் நான் சொல்வதைவிட அது அதிகம் பயன்படுவதைக் கண்டிருக்கிறேன். இரவில் ஒருமுறை மட்டும் போடும் இன்சுலினில் தொடங்கலாம். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் சிலருக்கு அளவைக் குறைக்கவும் முடியும். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லையென்றால், ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் மருந்து நனையாதபடி ஒரு டப்பாவில் வைத்துப் பாதுகாக்கலாம். திறந்த குப்பியை நான்கு வாரங்களுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. வெயிலில் வயலுக்கும் எடுத்துச் செல்லக் கூடாது.

கோவில்வெண்ணி பற்றி நீங்கள் சற்று எரிச்சலோடு எழுதியிருக்கிறீர்கள். கரும்பேஸ்வரரை வேண்டிக்கொண்டு, ரவையும் சர்க்கரையும் கலந்து எறும்புகளுக்கு இட்டுவரும் பலர் என்னிடம் சிகிச்சைக்கு வருகிறார்கள். நான் ஒருவரையும் போகவேண்டாம் என்றதில்லை. அந்த நம்பிக்கையை நீங்கள் பழித்தால், மாத்திரையா சாமியா என்று அவர் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்துக்கு அவரைத் தள்ளுகிறீர்கள். அந்த இடத்தில் மாத்திரை தோற்றுவிடும். மாறாக, அடுத்த முறை நீங்களே அவரை அழைத்துப் போய்வாருங்கள். கிளம்புமுன் சாப்பிட்டு மாத்திரையும் போட்டாயிற்றா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நிறுத்திய வாரங்களில் "உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு" என்று அவர் சொல்லியிருந்தால், அதுவும் பொய்யல்ல. சர்க்கரை 250இல் நின்றாலும் பலருக்கு ஒன்றும் தெரியாது. கண்ணிலும் சிறுநீரகத்திலும் நடக்கும் சேதம் வலிக்காது. அதனால்தான் ஆண்டுக்கு ஒருமுறை கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்ப்பதும், சிறுநீரில் ஆல்புமின் கசிகிறதா என்று பார்ப்பதும் கட்டாயம். இந்த ஒன்பது ஆண்டுகளில் அவை செய்யப்பட்டனவா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். அறிவுரை சொல்லுமுன் ஒரு நாள் முழுக்க அந்த வீட்டில் இருந்து, அக்கா எத்தனை மணிக்கு, யாருக்குப் பிறகு, என்ன மீந்திருக்கும்போது சாப்பிடுகிறார் என்று பாருங்கள். நம் வீடுகளில் கடைசியாக உட்காரும் பெண்ணின் தட்டில் பெரும்பாலும் சோறும் ரசமும்தான் இருக்கும். பொரியலும் முட்டையும் மீன் துண்டும் மகனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். காய் இல்லாத இடத்தைச் சோறு நிரப்புகிறது. பிள்ளைகள் மீதம் வைத்ததையும் வீணாக்க மனமில்லாமல் அவரே சாப்பிட்டுவிடுவார். வடித்த சோற்றில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. குழிந்த தட்டு நிறையப் போட்ட சோறு எளிதில் அதைப்போல நான்கு மடங்காகிவிடும். இப்படிப்பட்டவரிடம் "சோத்தைக் குறை" என்று சொன்னால் பசியோடு வேலைக்குப் போ என்று சொல்வதாகிவிடும். சோறு குறைய வேண்டுமானால் அந்த இடத்துக்கு வேறு உணவு வர வேண்டும். உங்களுக்கு அதில் நேரடியாக உதவ வழியிருக்கிறது. சம்பா அறுவடைக்குப் பின் நஞ்சைத் தரிசில் விளையும் பச்சைப்பயறும் உளுந்தும் மலிவாகக் கிடைக்கும் காலத்தில் ஓராண்டுக்கு வேண்டியதை வாங்கி அக்கா வீட்டில் போட்டுவிடுங்கள். வாரத்துக்கு இத்தனை முட்டை என்று கணக்குச் சொல்லி, அதில் அக்காவுக்கும் பங்கு உண்டு என்பதை மருமகனாகிய உங்கள் அக்கா மகனிடம் பேசுங்கள். தாய்மாமன் என்ற முறையில் அந்தப் பேச்சுக்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அவருடைய மனைவியைக் காவலுக்கு வைத்துவிடாதீர்கள். மாமியார் தட்டில் கணக்குப் பார்க்கும் வேலையை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தால் வீடு இரண்டுபடும்.

அவருக்கென்று தனியாகச் சமைக்கவும் வேண்டாம். வாழைத்தண்டு, அவரை, கொத்தவரை, கீரை, சுண்டல் எல்லாம் எல்லோருக்கும் நல்லவை. அளவைக் கூட்டிச் செய்து, காயையும் பயறையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைப் பிறகு எடுத்துக்கொண்டால், அதே சோறு சர்க்கரையை ஏற்றும் வேகமும் குறையும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்தால் போதும், பலன் தெரியும். பழைய சோறும் சோறுதான். அளவு ஒன்றே கணக்கு. காட்டுயானமும் மாப்பிள்ளைச் சம்பாவும் சர்க்கரையைக் குணமாக்கும் என்று கேள்விப்பட்டு அதிக விலை கொடுத்து வாங்கியவர்கள் இருக்கிறார்கள். தவிடு நீக்காத அரிசியில் நார்ச்சத்து கூடுதல், சற்று மெதுவாகச் செரிக்கும் என்பது உண்மை. ஆனால் "இது சர்க்கரைக்கு நல்லது" என்று இருமடங்கு சாப்பிட்டால் பயனில்லை. கேழ்வரகுக் கூழுக்கும் இதுவே பொருந்தும். நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் கருப்பட்டியும் இரத்தத்தில் சீனியைப் போலவேதான் ஏறும். வயலில் வரும் டீயில் இரண்டு கரண்டிச் சீனி என்பது மாற்றக்கூடிய பழக்கம். அதை அவரே மாற்றட்டும். பொங்கலன்று ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கலை எடுத்தார் என்பதற்காக யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். இன்னொன்று: நகரத்தில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அச்சடித்த உணவுத் தாளை நாற்று நடும் பெண்ணுக்குக் கொடுப்பது தவறு. அவருக்கு உணவு வேண்டும், குறிப்பாகக் காலையில். கிளம்புமுன் இரண்டு இட்லியாவது, ஒரு கிண்ணம் சுண்டலாவது சாப்பிடுவது, இன்றைய நிலையில் வேறெந்தக் கட்டுப்பாட்டையும்விட முக்கியம் என்பேன்.

கால் போகும் என்று பயமுறுத்தியதற்குப் பதிலாகக் காலைப் பார்த்துக்கொள்ள உதவுங்கள். நடவுக் காலத்தில் விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணை யாரும் நோயாகவே நினைப்பதில்லை. உணர்வு குறைந்த காலில் அந்தச் சிறு வெடிப்பே கிருமிகளுக்கு வாசல். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். பேத்தியைப் பார்க்கச் சொல்லலாம். குழந்தைகள் இதை ஆர்வத்தோடு செய்வார்கள். குதிகாலுக்கு எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் கூடாது. கால் ஆணியை பிளேடால் சீவுவது கூடவே கூடாது. வயலுக்கு வெளியே எப்போதும் செருப்பு வேண்டும். உணர்வு குறைந்திருப்பது தெரிந்தால் எம்.சி.ஆர். எனப்படும் மிருதுவான ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுங்கள். பெரிய கோவில்களின் கற்தளத்தில் உச்சி வெயிலில் வெறுங்காலோடு பிரகாரம் சுற்றி, சுடுவதே தெரியாமல் உள்ளங்கால் வெந்துபோய் வருபவர்கள் ஒவ்வொரு கோடையிலும் உண்டு. ஆகவே தரிசனம் காலையிலோ மாலையிலோ இருக்கட்டும். புண் கறுத்தாலோ, நாற்றமடித்தாலோ, காய்ச்சலோடு கால் வீங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடாத வாந்தி, சர்க்கரை 300க்கு மேல் நின்று அயர்ச்சி, மூச்சு வாங்குதல் இவற்றுக்கும் அப்படியே.

அத்தானின் மறைவுக்குப் பிறகு நான்கு ஆண்டுகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்து அவருடைய தூக்கம், பேச்சு, ஆசை எப்படி இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு வருகிறது. "எனக்கு இனிமே என்ன இருக்கு" என்று அவர் அடிக்கடி சொல்வாரானால், அதை விரக்திப் பேச்சென்று தள்ளாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். வாழ வேண்டும் என்ற எண்ணம் தளர்ந்திருக்கும்போது மாத்திரையை நினைவூட்டி மட்டும் பயனில்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளைத் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார். அக்காவின் பெயர் அதில் இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வேலைநாள் கூலியை இழந்து வரிசையில் நிற்க வேண்டியிருப்பதால் மாத்திரை விட்டுப்போகிறது என்றால், அது இதனால் தீரும். அக்காவோடு போகும் நாளில் நீங்களும் கையை நீட்டி உங்கள் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். உடன்பிறந்தவருக்கு இருந்தால் உங்களுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் இந்த நோய் இருக்கிறது.

கடைசியாக, அவரைக் கும்பகோணத்துக்கு அழைத்து வந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. வயல் வேலை நின்றுபோனால் உடலுழைப்பு நின்றுபோகும். சர்க்கரை அதனாலேயே ஏறக்கூடும். சொந்தக் கூலியும், நடவுக்குக் கூடப் போகும் பெண்களின் துணையும், பேரப்பிள்ளைகளும் அவரைத் தாங்கிக்கொண்டிருப்பவை. அவற்றிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து மாத்திரை கொடுப்பதை அவர் தண்டனையாகவே எடுத்துக்கொள்வார். ஆனால் மருந்தை மாற்றும் முதல் வாரத்திலோ, இன்சுலின் தொடங்கும் நாட்களிலோ, காலில் புண் ஆறும் வரையிலோ உங்கள் வீட்டில் வந்து இருப்பது உதவியாக இருக்கும். அப்படி அழைக்கும்போது, எந்தத் தேதியில் திரும்பக் கொண்டுவந்து விடுவீர்கள் என்பதையும் சொல்லியே அழையுங்கள். அந்தத் தேதி தெரிந்தால் அவர் வரச் சம்மதிப்பார் என்று நம்புகிறேன்.